ஏழு வந்துகிட்டிருக்கா

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீங்களும், ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போகும் என் அண்ணனும் சௌக்கியமா? உங்கள் வலது முழங்கால் எப்படி இருக்கிறது? என் முழங்கால்கள் இரண்டும் முறை வைத்து லீவு எடுக்கின்றன.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அண்ணன் நடுவில் புகுந்து "ஸ்பீக்கர்ல போடு" என்பான். அப்புறம் மழை பெய்ததா, தண்ணீர் வந்ததா என்று பேசிவிட்டு வைக்க வேண்டியதுதான். உங்களுக்குக் கல்யாணம் ஆன மாதத்திலிருந்து நமக்குக் கடிதம்தான் சரிப்பட்டு வருகிறது.

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அண்ணி, நீங்கள் இறந்துவிட்டீர்கள்.

பதறாதீர்கள். நம் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு இந்த வருஷம் நாற்பது வயது. அணியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். எழுதுவது தமிழ்த்துறை மேடம். பாடம் நடத்தும்போது தானே அழுதுவிடுவதால் பிள்ளைகள் 'கண்ணீர் மேடம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். என்னிடம் கேட்க வந்தபோதெல்லாம் நான் "அப்புறம், அப்புறம்" என்று விரட்டிவிட்டேன். நம் முதல் அணியில் வேறு யாரும் அவருக்குக் கிடைக்கவில்லை, பின்னால் வந்த மாணவிகளைக் கேட்டு எழுதிவிட்டார். முதல் அணியைப் பற்றிய அத்தியாயம் நேற்று என் மேசைக்கு வந்தது. தலைப்பு: 'வராமலே போன ஏழாம் எண்.'

நம் முதல் வருஷத்து அந்த இறுதி ஆட்டத்தன்று, உங்கள் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்த நீங்கள், காலை பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். ஸ்கோர் மேசையில் இருந்தவர் "ஏழு எங்கே?" என்று கேட்கக் கேட்க, கேப்டனான நான் "வந்துகிட்டிருக்கா சார், வந்துகிட்டிருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பஸ் நடுவழியில் படுத்துவிட்டது. ஒருத்தி ஃபவுல் ஆகி வெளியேற, நாலு பேராக ஆடித் தோற்றோம். ஷூ கழற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வந்து நின்றீர்கள். பிறகு உங்கள் அப்பா படிப்பை நிறுத்தினார். உங்களை விட மனசில்லாமல் என் அண்ணனை உங்கள் தலையில் கட்டினேன். இது நமக்குத் தெரிந்த கதை.

உங்களுக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. நான் இங்கேயே கோச்சாகத் திரும்பி வந்த வருஷம், முதல் ஆட்டத்துக்கு முன்னால் எண்களைக் கூப்பிட்டேன். ஏழாம் எண் பனியனை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்காமல் "ஏழு?" என்றுவிட்டது. "வந்துகிட்டிருக்கா" என்று பதிலும் நானே சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர்களே கத்தினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் கேப்டன் "ஏழு?" என்று கேட்க, மொத்த அணியும் "வந்துகிட்டிருக்கா!" என்று கத்துகிறது. யார் அந்த ஏழு என்று கேட்டவர்களிடம் "பஸ்ல வந்தா, வந்து சேரலை" என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் பஸ்ஸைக் கவிழ்த்தே விட்டார்கள். ஒரு பேட்ச் பள்ளத்தில் கவிழ்த்தது, இன்னொரு பேட்ச் ஆற்றில்.

கண்ணீர் மேடம் ஆற்றை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணனிடம் சொல்லாதீர்கள், சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொள்வான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். (இந்த நிலைமையில் வேறு என்ன சொல்ல?)

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

---

ஜனவரி 21

என் அருமை நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இவ்விடம் ஒருவர் சுகம், ஒருவர் காலமாகிவிட்டார்.

அடுப்படியில் நின்று படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உன் அண்ணன் ஓடி வந்தார். "வாலு என்ன எழுதியிருக்கா?" என்றார். "உங்களுக்கு இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொள்ள வசதியாக எழுதியிருக்கிறாள்" என்றேன். புரியாமல் ரிமோட்டோடு போய்விட்டார்.

ஆறு என்றால் எந்த ஆறு? எனக்கு நீச்சல் தெரியுமே, அதை யாரும் சொல்லவில்லையா? அந்த அத்தியாயத்தை அப்படியே அனுப்பு. நான் எப்படி ஆடினேன் என்று ஏதாவது எழுதியிருக்கிறாரா, இல்லை வெறும் ஆறுதானா?

இன்னொன்று கேட்க வேண்டும். இத்தனை வருஷமாக ஒரு கூட்டம் எனக்காகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நீ எனக்கு எழுதிய கடிதங்களில் மழை, மூட்டுவலி, முதல்வரின் முன்கோபம் எல்லாம் இருக்கிறது. இது மட்டும் ஏன் இல்லை?

உன் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஓடாதே.

காலஞ்சென்ற
அண்ணி

---

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு அவசரம். நம் கோர்ட்டுக்குத் தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதே சிமெண்ட் தளம்தான், விரிசல்கள் மட்டும் கூடியிருக்கின்றன. மழைக்காலம் முழுக்கப் பயிற்சி இல்லை. பரீட்சை நாட்களில் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். வண்டி எண்ணெய் சிந்திய இடத்தில் போன வருஷம் ஒருத்தி வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கூரை கேட்டு நான் ஏறாத படி இல்லை.

இப்போது கூரை வருகிறது, அண்ணி. இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கே ஆடியவள் ஒருத்தி, இன்று கட்டட கான்ட்ராக்டர். கண்ணீர் மேடம் அவளிடம் உங்கள் அத்தியாயத்தைக் காட்டியிருக்கிறார். படித்துவிட்டு என் அறைக்கே வந்தாள். "மேடம், நான் ஆடின எல்லா மேட்ச்லயும் அவங்களுக்காகக் கத்தியிருக்கேன். அவங்க பேர்ல ஹாலே கட்டித் தர்றேன். கூரை, மரத்தளம், எல்லாம்" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. நான் வாயைத் திறந்தேன். மரத்தளம் என்றதும் மூடிக்கொண்டேன்.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். ஒரு பொய் சொல்லி ஒரு கூரை போடக் கூடாதா? கூரை ஏறும் வரை நீங்கள் கொஞ்சம் இறந்தே இருக்க முடியுமா? ஆகஸ்டில் திறப்பு விழா. இந்த வருஷத்தோடு எனக்கும்... சரி, அதை விடுங்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் நாத்தனார்

---

மார்ச் 3

அன்பு நாத்தனாருக்கு,

உன் முழங்காலும் நீயும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை பார். நான் இருந்தபோது ஒரு வலை கேட்டுக் கால் கடுக்க நின்றோம், கிடைக்கவில்லை. செத்தேன், கூரையே வருகிறது. நல்லது, இறந்தே இருக்கிறேன். எனக்கு அதில் என்ன செலவு?

ஆனால் அத்தியாயத்தில் தப்புகள் இருக்கின்றன. நான் இடது கைக்காரி என்று போட்டிருக்கிறார். அது நம் அணியில் இருந்த உயரமானவள், நான் இல்லை. நான் வலது கை. ஃப்ரீ த்ரோ போடும் முன் மூன்று முறை பந்தைத் தட்டிவிட்டு, உள்ளங்கையை இடுப்பில் துடைப்பேன். தோற்றால் அழுவேன் என்று எழுதியிருக்கிறார். நான் எப்போது அழுதேன்? தோற்றால் நடுவரைத் திட்டுவேன். 'நிலா முகம்' என்று வேறு இருக்கிறது. இதை மட்டும் உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "யாரைப் பத்தி?" என்று கேட்டார்.

நிலாவை வைத்துக்கொள்ளட்டும். இடது கையை மட்டும் மாற்றச் சொல். செத்தவள் சார்பாக இந்த ஒரு விண்ணப்பம்தான்.

நாலாவது மாடியில் இருக்கிறோமா, ஜன்னலில் நின்றால் எதிரில் இருக்கும் பள்ளி மைதானம் தெரிகிறது. அங்கே ஒரு வளையம் இருக்கிறது, வலை இல்லாமல். இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லை. இப்போது பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் நடக்கலாம் என்று நினைக்கிறேன்.

உன் அண்ணன் கேட்கச் சொன்னார்: இந்த வருஷத்தோடு நீ ஓய்வு பெறுகிறாயே, விடுதி அறையைக் காலி செய்துவிட்டு எங்கே போகப் போகிறாய்? பையன் வேலைக்குப் போன பிறகு இங்கே ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது.

அண்ணி

---

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பும் அண்ணன் இடுப்பும் எப்படி? நான் ஓடிக்கொண்டே இருக்கிறேன், அதனால் நலமாகத்தான் இருக்க வேண்டும்.

தூண்கள் எழும்பிவிட்டன! காலையில் எழுந்ததும் போய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பிள்ளைகள் கல்லூரிக்கு வெளியே ஒரு மண் மைதானத்தில் பயிற்சி எடுக்கிறார்கள். இந்த வருஷக் கேப்டன் இருக்கிறாளே, தோள் உயரம்கூட வரமாட்டாள், பேர் 'பட்டாசு', அவள் மண்ணில் விழுந்து எழுந்து "ஏழக்காவுக்காக இந்த வருஷம் ஜெயிக்கிறோம்" என்கிறாள். நீங்கள் இப்போது அவர்களுக்கு ஏழக்கா.

உங்கள் போட்டோ கேட்டார்கள். முதல் அணியின் அந்த ஒரே படம்தான் இருக்கிறது, அதில் நீங்கள் பந்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பிழைத்தேன். அதைப் பெரிது பண்ணி ஹாலில் மாட்டப் போகிறார்கள்.

இடது கை விஷயம் சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு எப்படி மேடம் அவ்வளவு உறுதியாத் தெரியும்? நாலு பேர் லெஃப்ட்டுன்னு சொல்றாங்களே" என்றார் கண்ணீர் மேடம். மேலே வாதாடினால் எந்தப் புற்றில் எந்தப் பாம்பு கிளம்புமோ என்று விட்டுவிட்டேன். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்

---

மே 30

அண்ணி,

சௌக்கியமா? என் போன கடிதம் கிடைத்ததா இல்லையா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூரைக்கு இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கிவிட்டன என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஒரு வரி போடுங்கள். ஒரு வரி போதும்.

நாத்தனார்

---

ஜூன் 12

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நலம். உன் நலத்தையும் எழுது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் திட்டாதே.

நீ உன் அண்ணிக்கு என்னதான் எழுதினாய்? உன் கடிதங்கள் தலைமாட்டில் இருக்கின்றன. கேட்டால் "ஒண்ணுமில்லை" என்கிறாள். விடிந்ததும் நடக்கப் போகிறேன் என்று கிளம்புகிறாள். நடந்தால் இப்படியா வேர்க்கும்? முட்டியில் சிராய்ப்பு. ஷூ வேறு வாங்கியிருக்கிறாள். அது விளையாடுகிறவர்கள் போடும் ஷூ.

போன வாரம் ஜன்னலில் நின்று பார்த்தேன். எதிர்ப் பள்ளி மைதானத்தில் தனியாக நின்று பந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். போடுகிறாள், விழவில்லை, ஓடிப்போய் எடுக்கிறாள், மறுபடி போடுகிறாள். நான் முதன்முதலில் உன் ஆட்டம் பார்க்க வந்தபோது அவளை அப்படித்தான் பார்த்தேன். நாற்பது வருஷமாக அவள் பந்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை. நான் தடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். தடுக்கவில்லை. தொடேன் என்று சொல்லவும் இல்லை.

நேற்றுச் சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "நான் செத்துட்டா யாருக்குத் தெரியும்?" "என்ன பேச்சு இது? எனக்குத் தெரியும், பையனுக்குத் தெரியும்" என்றேன். "அது சரி. நான் இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினேன்.

எதுவானாலும் சரி பண்ணு.

அண்ணன்

---

ஜூன் 19

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், முட்டிச் சிராய்ப்பு ஆறியதா?

அண்ணன் எழுதினான். படித்ததிலிருந்து உட்கார முடியவில்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். விளையாட்டாக ஆரம்பித்தது, அண்ணி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி முழு மனுஷியை மறைத்துவிட்டேன்.

இன்று கான்ட்ராக்டரம்மாவிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவள் தலைக்கவசத்தோடு சாரத்தின் மேல் நின்றுகொண்டு கையசைத்தாள். "மேடம், பாருங்க, பாதி மூடியாச்சு!" என்றாள். அண்ணாந்து பார்த்தேன். பாதி வானம், பாதி தகரம். வெயில் பாதிக் கோர்ட்டில்தான் விழுந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பிள்ளைகள் உனக்காகக் கத்துவதை ஏன் எழுதவில்லை என்று கேட்டாயே, பதில் இதுதான். சொன்னால் நீ திரும்பி வந்துவிடுவாயோ என்று பயம் இல்லை. சொல்லியும் நீ வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். "வந்துகிட்டிருக்கா" என்று சொன்னால் எனக்கே நம்பிக்கையாக இருந்தது. உன்னை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய், கோர்ட்டுக்கு மட்டும் வரவே இல்லை. ஊருக்கு வரும்போதுகூட அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாய். நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணியை 'நீ' என்று எழுதிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் அடித்திருப்பாள். நீ சொல், உடனே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூரை போனால் போகட்டும்.

கேப்டன்

---

ஜூலை 25

கேப்டனுக்கு,

நலம். முட்டி ஆறிவிட்டது, மறுபடி சிராய்த்துக்கொண்டேன்.

நீ யாரிடமும் சொல்ல வேண்டாம். கூரையை முடிக்கட்டும். கூரை போனால் போகட்டும் என்று நீ எழுதிய வரியில் பேனா எவ்வளவு அழுத்தியிருக்கிறது தெரியுமா? பின்பக்கம் தடவினால் தெரிகிறது.

தாமதமாக எழுதுவதற்குக் காரணம், எனக்கே விளங்காமல் இருந்ததுதான். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த இடதுகைக்காரி மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்கு ஹால் இருக்கிறது, அவளுக்காகக் கத்த ஆள் இருக்கிறது. நான் இங்கே யார்? இந்த வீட்டின் அம்மா, அந்த மனுஷரின் மனைவி. குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த ஒரு சிமெண்ட் தளத்தில்தான் நான் நானாக நின்றிருக்கிறேன். அங்கேயே என்னைக் கொன்றுவிட்டால் எனக்குக் கோபம் வராதா? வந்தது. உன் மேல்தான் வந்தது.

விழாவுக்கு வருகிறேன். கோச்சின் அண்ணியாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். உன் அண்ணன் வரவில்லை, இடுப்பு. நிஜமாகவே இடுப்புதான். பெட்டியில் சுமை இல்லை, ஒரு மாற்றுத்துணி, ஷூ.

பஸ்ஸில்தான் வருகிறேன். பயப்படாதே.

அண்ணி

---

ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணனுக்கு வாலு எழுதுவது.

இடுப்பு எப்படி இருக்கிறது? உன் மனைவி பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வாள். அதனால் நான் எழுதுகிறேன்.

மரத்தளம் பளபளவென்று இருந்தது. எங்கள் முதல் அணியைத் தவிர எல்லா பேட்ச்சும் வந்திருந்தார்கள். சுவரில் பந்து முகத்தோடு உன் மனைவியின் படம். வாசலில் பித்தளை எழுத்தில் 'ஏழாம் எண் நினைவு அரங்கம்'. உன் மனைவி கடைசி வரிசையில், மடியில் பையோடு, பல் டாக்டருக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் மேடையில். என் கால் நிற்காமல் ஆடியதில் முதல்வர் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கண்ணீர் மேடம் ஆற்றுப் பகுதியைப் படித்தார். அரங்கமே அழுதது. பிறகு ஏழாம் எண்ணுக்காக ஒரு நிமிஷம் மௌனம் என்றார்கள். எல்லோரும் எழுந்து தலை குனிந்தோம். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

டப். டப். டப்.

தலையை நிமிர்த்தினேன். அவள் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கிறாள். காலில் ஷூ. உள்ளங்கையை இடுப்பில் துடைத்தாள், போட்டாள். வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. எடுத்து வந்து மறுபடி தட்டினாள். அதுவும் விழவில்லை. பட்டாசுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"அம்மா, என்ன பண்றீங்க? எல்லாரும் மௌனமா நிக்கிறோம், தெரியலையா?"

"எனக்காகத்தானேம்மா நிக்கிறீங்க? போதும், கால் வலிக்கும். உட்காருங்க" என்றாள் உன் மனைவி.

யாருக்கும் புரியவில்லை. யாரோ சிரித்தார்கள். பட்டாசு கையிலிருந்த புத்தகத்தை நீட்டினாள். "ஏழக்கா லெஃப்ட் ஹேண்ட். இதுல போட்டிருக்கு. நீங்க ரைட்ல போடுறீங்க" என்றாள். அண்ணா, அந்த இடது கைக்கு நான் அன்று பட்ட அவமானம் போதும். உன் மனைவி புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பந்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் போகிறாள், அண்ணா. வாசல் பக்கம் போகிறாள்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. மைக்கே வேண்டியிருக்கவில்லை. "நாலு!" என்றேன். என் எண். "இருக்கேன்" என்று நானே சொன்னேன். பிள்ளைகள் முழித்தார்கள். "ஏழு!" என்றேன்.

பழக்கதோஷம் பார், மொத்த அரங்கமும் "வந்துகிட்டிரு" என்று ஆரம்பித்துவிட்டது. நான் கையை உயர்த்தினேன். நின்றது.

வாசலருகில் அவள் திரும்பினாள். "வந்துட்டேன், கேப்டன். பஸ் லேட்டாயிடுச்சு" என்றாள்.

பிறகு நான் மேடையிலிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு இல்லை, பள்ளம் இல்லை, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு போனாள், அவ்வளவுதான் அவளுக்கு நடந்த விபத்து என்றேன். நீ கோபித்துக்கொள்ளாதே. கண்ணீர் மேடம் முதல் தடவையாக அழாமல் நின்றார். பட்டாசு உன் மனைவியின் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த தடவை உன் மனைவி போட்ட பந்து வளையத்துக்குள் விழுந்தது. அப்போது எழும்பிய சத்தத்தில் புதுத் தகரம் அதிர்ந்தது.

கான்ட்ராக்டரம்மா மட்டும் கத்தவில்லை. என்னிடம் வந்து நின்றாள். "எனக்கு உங்க மேல ரொம்பக் கோபம், மேடம். அது போக நாளாகும்" என்றாள். கூரையைப் பிரித்துக்கொண்டு போ என்றேன். அண்ணாந்து பார்த்தாள். "எப்படிப் பிரிக்கிறது? வெல்டிங் பண்ணியாச்சு" என்றாள். போகும்போது ஆளைக் கூப்பிட்டு 'நினைவு' என்ற எழுத்துகளை மட்டும் பெயர்க்கச் சொன்னாள். இப்போது பலகையில் 'ஏழாம் எண்' ஒரு பக்கம், 'அரங்கம்' ஒரு பக்கம், நடுவில் ஆணி ஓட்டைகள்.

இந்த வாரம் பிள்ளைகளுக்கு ஆட்டம் இருந்தது. பட்டாசு எண் கூப்பிட்டுக்கொண்டே வந்து ஏழில் நின்றுவிட்டாள். யாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தோற்றார்கள். எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. அறையில் சாமான்களைக் கட்டுகிறேன், பிரிக்கிறேன்.

வாலு

---

அக்டோபர் 6

கேப்டனுக்கு,

நலமாக, உயிரோடு இருக்கிறேன். உன் அண்ணனும் அப்படியே. விபத்து என்று நீ சொன்னதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். புத்தகத்தில் என் அத்தியாயத்தில் பேனாவால் இடது கையை அடித்து வலது கை என்று எழுதிவிட்டேன். நிலா முகத்தை விட்டுவிட்டேன்.

ஏழாம் எண் பனியனைப் பட்டாசுக்குக் கொடு. அவளுக்கு முழங்கால் வரை தொங்கும், பரவாயில்லை. இனி ஏழு என்றால் அவள் "இருக்கேன்" என்று கத்தட்டும். வராத ஆளுக்காகக் கத்தியே எத்தனை நாள் ஜெயிப்பார்கள்?

இங்கே ஒரு வேலை செய்திருக்கிறேன். நான் தனியாகப் பந்து போடுவதைப் பார்த்து மூன்றாவது மாடிப் பல் டாக்டர் இறங்கி வந்தாள். பிறகு மூலைக்கடைத் தையல்காரம்மா. பிறகு ஒரு பஸ் கண்டக்டர், அவள்தான் தினமும் லேட். எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள். தையல்காரம்மா பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். டாக்டர் ஃபவுல் பண்ணிவிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். உன் அண்ணன் ஜன்னலில் நின்று விசில் ஊதுகிறார், விதி ஒன்றும் தெரியாது. வளையத்துக்கு வலை மாட்டியாகிவிட்டது.

உன் ஓய்வு பற்றி நாங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் இந்த வருஷம் முழுக்க நீ பதில் எழுதவில்லை. நானும் இனி கேட்கப் போவதில்லை. நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

தினமும் ஆட்டத்துக்கு முன்னால் நான் எண் கூப்பிடுகிறேன். ஒன்று, டாக்டர். இரண்டு, தையல். மூன்று, கண்டக்டர், வந்திருந்தால். ஏழு, நான். ஆக நாலு பேர்தான் இருக்கிறோம். கடைசியாக "கேப்டன்?" என்று கூப்பிடுகிறேன். உன்னை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் மைதானம் அதிர, ஜன்னலில் நிற்கும் உன் அண்ணனையும் சேர்த்துக்கொண்டு, "வந்துகிட்டிருக்கா!" என்று கத்துகிறார்கள்.

ஏழு